சபையின் வயது

அமெச்சூர் நாடகக் குழு ஒன்று வெள்ளி விழாவோ பொன்விழாவோ எடுக்கும்போது மேடையில் முதலில் ஒலிப்பது வருடக் கணக்குதான். அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்க்கச் சென்னையின் சுகுண விலாச சபையை விடப் பொருத்தமான இடம் இல்லை. 1891 ஜூலை 1-இல் தொடங்கிய சபை 1991-இல் நூறு வயதைத் தொட்டது. அண்ணா சாலையில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் நாடகம் பார்க்கப் போவதில்லை. சபை மனமகிழ் மன்றமாக மாறி வெகு காலமாகிறது.

பெல்லாரி வக்கீல் கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டபோது, பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு வெறுப்பு. படித்தவர்களும் நடிக்கலாம் என்பதை அங்கே கண்டார். நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சபையைத் தொடங்கினார். விடிய விடியப் பாட்டாக ஓடிய நாடகம் உரைநடை வசனத்துக்கு இறங்கி வந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனதும், வெனிஸ் வர்த்தகன் ‘வாணீபுரத்து வணிக’னாக வந்ததும் இவர் கையால்தான். வசூலை நம்பி அடுப்பெரிக்கும் கம்பெனி இதற்கெல்லாம் தயங்கியிருக்கும். தோற்றாலும் மறுநாள் கோர்ட்டுக்கோ ஆபீசுக்கோ போய்விடலாம் என்ற நிலை அமெச்சூர்களுக்குக் கொடுத்த துணிச்சல் அது. அந்தத் துணிச்சலை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

அதே நிலைதான் அவர்களின் குறைக்கும் வேர். அந்நாளில் நடிகரைக் ‘கூத்தாடி’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசியதால் மேடைக்கு மரியாதை வந்தது என்று விழா மலர்கள் எழுதும். மேடைக்கு வந்தது உண்மை. நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அதில் எவ்வளவு பங்கு கிடைத்தது? காசு வாங்காமல் நடிப்பதே கௌரவம் என்றால், காசு வாங்குகிறவர் ஒரு படி கீழே என்றுதானே பொருள்? ஊர் ஊராகக் கொட்டகை போட்டுத் தமிழ் நாடகத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்தக் கீழ்ப்படியில் இருந்தவர்கள்தான். பெண்களுக்கு அந்தப் படிகூட இல்லை. கதாநாயகி வேடங்களில் ரங்கவடிவேலு என்ற வக்கீல் புகழ்பெற்றார். அவர் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘கௌரவமான’ மேடை பெண்ணை வெளியே நிறுத்தியே தன் கௌரவத்தைக் காத்துக்கொண்டது.

இன்னொரு பலவீனம் ஒரே ஆளின் தோளில் குழு நிற்பது. அது சபையோடு முடிந்துபோன சங்கதியல்ல. 1978-இல் எழுத்தாளர் ஞாநி தொடங்கிய பரீக்ஷா நாடகக் குழு, வேலை முடிந்து மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்களை வைத்தே நவீன நாடகங்களை நடத்தியது. 2018-இல் அவர் மறையும் வரை பரீக்ஷா என்றால் ஞாநி, ஞாநி என்றால் பரீக்ஷா. அவர் உழைப்பின் அளவு அது. அடுத்த கை எது என்ற கேள்வியும் அதற்குள்தான் இருக்கிறது.

சம்பந்த முதலியார் இந்த இடத்தில் ஒன்றைச் சரியாகச் செய்தார்: நாடகங்களை அச்சில் கொண்டுவந்தார். ‘மனோகரா’வைத் தொழில்முறைக் குழுக்கள் எடுத்து நடித்தன, 1954-இல் அது சினிமாவாகவும் வந்தது. ‘நாடக மேடை நினைவுகள்’ எழுதி ஒத்திகை அறை, திரை, வேடம், சண்டை எல்லாவற்றையும் பதிந்துவைத்தார். சபை மன்றமான பிறகும் அவர் நாடகத்தை இன்று ஒரு பள்ளிப் பிள்ளை எடுத்துப் படிக்க முடிகிறது. நூறு வருடக் கணக்கைவிட எனக்கு இது பெரிய ஆயுளாகத் தெரிகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு குழுவின் வெள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். பொன்னாடைகள் முடியவே இரண்டு மணி நேரம் ஆனது. அவர்களின் முதல் நாடகப் பிரதி வேண்டும் என்று கேட்டேன். யாரிடமும் இல்லை. அதில் நடித்த பெரியவர் ஒருவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், தன் வசனத்தையும் எதிரில் நின்றவர் வசனத்தையும் சேர்த்தே சொல்லிக் காட்டினார். மூன்றாம் காட்சியில் ஒரு வரி தடுக்கியது. “இதை அவன்தான் சொல்வான்” என்றார். அந்த நண்பர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது.