அளவுகோலும் அறமும்: இந்தியத் தரைப்படையின் பெண் அலுவலர் குறித்த இரு தீர்ப்புகள்

படைத்துறையில் சமத்துவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. சேர்க்கப்பட்ட பெண்கள் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டனர் என்பதே அறவியல் நோக்கில் முதன்மையான வினா என நாம் கருதுகிறோம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

இந்தியத் தரைப்படை, மருத்துவம் சாராத சில பிரிவுகளில் 1992 முதல் பெண்களை அலுவலர்களாகச் சேர்த்தது. ஆயினும் அது குறுகிய காலப் பணியே. அதன் உச்ச வரம்பு 14 ஆண்டுகள். ஓய்வூதியத்திற்கோ 20 ஆண்டுகள் வேண்டும். நிரந்தரப் பணி கோரி 2003இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, 2020 பிப்ரவரி 17இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. இதுவே பபிதா புனியா வழக்கு. ஊர்ப்புறத்திலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண்ணின் தலைமையை ஏற்க மனத்தளவில் ஆயத்தமாகவில்லை என அரசுத் தரப்பு வாதிட்டது. பிறரது தப்பெண்ணத்தைக் காட்டி ஒருவரது உரிமையை மறுக்கும் இவ்வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அத்தீர்ப்பின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. எனினும், அது பெண் அலுவலர்களின் சாதனைகளைப் பட்டியலிட்டுக் காட்டுவது சிந்தனைக்குரியது. ஆண் அலுவலர் எவரும் தம் பாலினத்தின் தகுதியைச் சாதனைகளால் மெய்ப்பிக்குமாறு கேட்கப்பட்டதில்லை. உரிமைக்குச் சாதனையைச் சான்றாக்கினால், சமத்துவம் பரிசாகிவிடும் அன்றோ?

2021 மார்ச் 25இல் வெளிவந்த நிதிஷா வழக்கின் தீர்ப்பு இன்னும் ஆழமாகச் செல்கிறது. முதல் தீர்ப்புக்குப் பின் பெண்களின் பழைய ஆண்டு இரகசிய அறிக்கைகள் மதிப்பிடப்பட்டன. ஆனால், இவர்களுக்கு நிரந்தரப் பணி கிட்டாது என்னும் எண்ணத்தோடு எழுதப்பட்டவை அவை. ஆண்கள் பணியின் 5ஆம் அல்லது 10ஆம் ஆண்டில் நிறைவு செய்த உடற்தகுதியை, பெண்கள் பல ஆண்டுகள் கழித்து, வயது முதிர்ந்த நிலையில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் இதனை மறைமுகப் பாகுபாடு என்றது. தேர்வு இல்லை என்று கூறிக் கற்பித்த மாணவனைப் பின்னர் அதே தேர்வுத்தாளால் அளப்பது நேர்மையாகுமா? ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வநீதியை உணர்வது கடினமன்று.

சமத்துவம் படையின் திறனைக் குறைக்கும் என்பாரும் உளர். படைக்குத் திறன் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், நிதிஷா தீர்ப்பு உடற்தகுதி விதியைத் தளர்த்தவில்லை. அவ்விதியைப் பயன்படுத்திய காலத்தையே குறை கூறியது. எனவே, திறனும் நீதியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது தெளிவு.

2022இல் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் பெண்கள் முதன்முறையாகப் பயிற்சியில் சேர்ந்தனர். இது வரவேற்கத்தக்கது. எனினும், வாயில் திறந்தமை மட்டுமே சமத்துவம் ஆகாது. உள்ளே வந்தோரைப் பற்றி முதல் ஆண்டிலிருந்தே எழுதப்படும் அறிக்கை எந்த எதிர்பார்ப்போடு எழுதப்படுகிறது என்பதிலேயே அச்சமத்துவத்தின் உண்மை அடங்கியுள்ளது எனலாம்.