ஓடும்போதே பிடிக்க வேண்டும்

கண்ணாடித் தகட்டின்மேல் கால் மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கொலாஜன் பட்டை. ரத்தக்குழாயின் சுவர் காயம்பட்டால் வெளித்தெரியும் புரதம் அது. அதன் குறுக்கே ஒரு கால்வாய். அகலம் அதே கால் மில்லிமீட்டர், உயரம் 50 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. அதற்குள் ரத்தம் ஓடுகிறது. சுவரை விட்டு ஒரு மைக்ரான் தள்ளினால் வேகம் விநாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர், இரண்டு மைக்ரான் தள்ளினால் மூன்று. நம் சிறு தமனிகளின் ஓரத்திலும் ஏறக்குறைய இதே கதிதான். ரத்தப்போக்கை நிறுத்த உதவும், 2 அல்லது 3 மைக்ரான் அகலமுள்ள ஒரு பிளேட்லெட் சுவரை உரசிக்கொண்டு வந்தால், பட்டையைக் கடக்க விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் பிடித்தாக வேண்டும். பிடித்துவிடுகிறது!

எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் நயமே. இந்த வேகத்தில் கொலாஜனை நேரே பற்ற அதனால் ஆகாது. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் முதலில் வந்து உட்கார வேண்டும். பிளாஸ்மாவில் சுருண்டு கிடப்பது அது. கொலாஜனில் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டதும் ஓட்டம் மறுபக்கத்தை இழுக்கிறது. சுருள் பிரிந்து நீள்கிறது. உள்ளே மறைந்திருந்த கொக்கிகள் வெளியே தலைகாட்டுகின்றன. பிளேட்லெட் அவற்றில் சிக்குகிறது, விடுபடுகிறது, அடுத்ததில் சிக்குகிறது, தயங்கித் தயங்கி உருள்கிறது. அந்தத் தயக்கத்தில் கிடைக்கும் அவகாசத்தில்தான் அது கொலாஜனைத் தொட்டு விழித்துக்கொள்கிறது. தட்டு வடிவம் கலைகிறது, விரல்கள் நீள்கின்றன, ஏ.டி.பி.யும் திராம்பாக்சேனும் வெளியேறிப் பின்னால் வரும் பிளேட்லெட்டுகளை உசுப்புகின்றன. ஓட்டம் வேகமெடுத்தால் பிடி நழுவும் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே ஓட்டம்தான் கொக்கியை நீட்டிக் கொடுக்கிறது. எதிரில் நிற்பவனின் பலத்தை வாங்கிக்கொள்ளும் வாலியின் வரம்தான். தேங்கிய ரத்தத்தில் இதைப் பார்க்கவே முடியாது.

பழைய சோதனைகளில் இதற்கு வழியும் இல்லை. 1910இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக் காது மடலில் சின்னக் கீறல் போட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றுத்தாளால் ஒற்றி, ரத்தப்பொட்டு சிறுத்து மறையும்வரை நேரம் பார்த்தார். எளிய முறை, ஆனால் கீறுகிற கையைப் பொறுத்து விடை மாறும். 1962இல் கஸ்டவ் பார்ன் வேறு வழி கண்டார். இவர் இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் மகன். பிளேட்லெட் மிகுந்த பிளாஸ்மாவைத் தனியே பிரித்தெடுத்து, குழாயில் கலக்கிக்கொண்டே ஏ.டி.பி. சேர்த்தார். பிளேட்லெட்டுகள் திரளத் திரளக் கலங்கல் தெளிந்து வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். அந்த வளைகோட்டை இன்றும் ரத்தவியல் ஆய்வகங்கள் நம்பியிருக்கின்றன. எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அங்கே தமனியின் ஓட்டம் இல்லை, காயம்பட்ட சுவர் இல்லை, சிவப்பணுக்களையும் முன்கூட்டியே கழித்தாயிற்று. சிவப்பணுக்கள் சும்மா கூட வருபவை அல்ல. ஓட்டத்தில் அவை நடுவே திரண்டு, முண்டியடித்து, பிளேட்லெட்டுகளை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. காயம் படுவது ஓரத்தில்தானே!

கால்வாய் செய்வது வார்ப்பு வேலை. சிலிக்கான் வில்லையில் ஒளியால் அச்சு அமைத்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, குமிழி போக்கிச் சூடாக்கி, இறுகியதும் உரித்தெடுத்தால் அடியில் கால்வாய் தயார். நான் ரசிப்பது அடுத்த படியை. கொலாஜனைக் கையால் பூசினால் விளிம்பு பிசிறடிக்கும். ஆகவே முதலில் ஒரு கால்வாயைக் கண்ணாடியில் பதித்து அதன் வழியே கொலாஜனைச் செலுத்தி ஊற விடுகிறார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, ரத்தம் ஓட வேண்டிய வார்ப்பைக் குறுக்காகத் திருப்பி வைக்கிறார்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் சதுரத்தில் மட்டும் ரத்தம் கொலாஜனைச் சந்திக்கும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டயமண்டின் குழு ஒரே பட்டைக்குக் குறுக்கே 8 கால்வாய்களை ஓட விட்டது. ஒருவருடைய ரத்தத்தையே பங்கிட்டு, மருந்து கலந்ததையும் கலக்காததையும் அக்கம்பக்கமாகப் பார்க்கலாம். தொடக்கத்தில் சொன்ன அளவுள்ள கால்வாய் 5 நிமிடத்தில் குடிப்பது சுமார் 50 மைக்ரோலிட்டர், ஒரே ஒரு சொட்டு.

ஒளிரும் சாயம் ஏற்றிய பிளேட்லெட்டுகள் முதலில் புள்ளிகளாகத் தெரியும். பிறகு திட்டுகள், பிறகு ஓட்டத்தின் திசையில் நீண்ட மேடுகள். ஆஸ்பிரின் சாப்பிட்டவரின் ரத்தத்தில் அடி அடுக்கு ஏறக்குறைய அப்படியே படியும், மேடு மட்டும் சரியாக எழும்பாது. கிளான்ஸ்மன் நோயில் ஒற்றை அடுக்கோடு சரி: சுவரைப் பிடிக்கத் தெரியும், ஒன்றோடொன்று கைகோக்கத் தெரியாது. டெங்குக் காலத்தில் நாம் கேட்டுப் பழகிய எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த நோயாளி தேறிவிடுவார். பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குமேல் இருக்கும், ரத்தம்தான் நிற்காது. பெர்னார்ட்-சூலியே நோயில் கொக்கியைப் பற்றும் கையே இல்லை. வேகமான ஓட்டத்தில் பட்டை வெறிச்சென்று கிடக்கும்.

இத்தனை இருந்தும் இந்தக் கால்வாய்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு கூடத்தில் குதிரையின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன், இன்னொன்றில் வேறு வகை. ரத்தம் உறையாமல் இருக்க ஒருவர் சிட்ரேட் சேர்ப்பார். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொருவர் ஹிருடின் சேர்ப்பார். அது கால்சியத்தைத் தொடாது. இரண்டு கூடத்துப் படங்களை ஒப்பிட முடியாமல் போகிறது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது பி.எஃப்.ஏ.-100 கருவி. கொலாஜன் தோய்ந்த சவ்வில் 150 மைக்ரான் துளை. அது அடைபட எத்தனை விநாடி என்று ஓர் எண்ணைத் தரும். அவசரத்துக்கு அது போதும்தான். ஆனால் எண் நீண்டுபோனால், சுவரைப் பிடிக்கவில்லையா, ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லையா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.