நீலம் ஒளிந்திருக்கும் இடம்

இலங்கையின் இரத்தினபுரிக் குழிகளில் கிடைக்கும் நீலக்கல்லைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், சில கற்கள் கண்ணாடிபோல் வெளிறியிருக்கும். ஒரு மூலையில் மட்டும் நீலம் திட்டாகத் தேங்கி நிற்கும். பட்டை தீட்டுபவரின் கைத்திறன் இங்கேதான் தொடங்குகிறது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தத் திட்டு அடிமுனையில் வந்து உட்காரும்படி பட்டைகளை வகுக்கிறார். மேலே நுழைந்த ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பும்போது நீலத்தை அள்ளிக்கொண்டு வர, கல் முழுவதும் நீலம் நிறைந்து ததும்புகிறது. பக்கவாட்டில் பார்த்தால்தான் சூட்சுமம் தெரியும்.

நட்சத்திர நீலக்கல்லுக்குப் பட்டைகள் வேண்டாம்; வழவழப்பாகக் குவிந்த முதுகு போதும். உள்ளே மிக நுண்ணிய ரூட்டைல் கனிம ஊசிகள் மூன்று திசைகளில் படுத்திருக்கின்றன. ஒற்றை விளக்கின் கீழ் அவை ஆறு கதிர்களாக எழும். கல்லை அசைத்தால் கதிர்களும் வழுக்கிச் செல்லும். அந்த முதுகை வடிக்க, ஈரமான தேய்ப்புத்தட்டு சுழல, மெல்லிய உரசல் ஒலியோடு கல் தேய்கிறது. தேய்ப்பவர் கொஞ்சம் தேய்த்து, துடைத்து, விளக்கில் பார்த்து, மறுபடி தேய்க்கிறார். உச்சி சற்றே சாய்ந்தாலும் நட்சத்திரம் நடுவை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.