கணக்கு வகுப்புக்கு எதற்குச் சமூக அறிவியல் மார்க்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் வழக்கமாகக் கிளம்பும் வாதம் இந்த ஆண்டும் கிளம்பியது. பதினொன்றாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப்பையும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பையும் 500-க்கு எடுத்த மொத்த மார்க் வரிசையில் நிரப்புவதைவிட நேர்மையான வழி கிடையாது, மார்க்குக்குச் சிபாரிசு தெரியாது என்கிறார்கள். மீஞ்சூர் பக்கம் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தும் நண்பர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள்.

சிபாரிசைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டால் எந்தத் தாயும் தகப்பனும் விரல் வைத்துத் தேடிப் பார்க்கலாம். இதற்கென்று பள்ளி தனித் தேர்வு வைத்தால் கோச்சிங் சென்டர்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். இவ்வளவும் ஒப்புக்கொள்கிறேன்.

என் ஆட்சேபம் பழையது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புவரை எல்லோருக்கும் ஒரே கணக்கு. உயர்கணக்கு என்று ஒன்று தொடங்குவதே பதினொன்றில், அதுவும் சில குரூப்புகளில் மட்டும். அந்த வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும்போது, பிள்ளைக்குக் கணக்கு வருமா என்பதை மட்டும் யாரும் தனியாகப் பார்ப்பதில்லை.

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்வோம். ஒருத்தி கணக்கில் 94, அறிவியலில் 81, சமூக அறிவியலில் 62, தமிழில் 70, ஆங்கிலத்தில் 48. மொத்தம் 355. இன்னொருவன் கணக்கில் 71, அறிவியலில் 78, சமூக அறிவியலில் 93, தமிழில் 92, ஆங்கிலத்தில் 84. மொத்தம் 418. இடம் ஒன்றுதான் என்றால் கணக்கு வகுப்புக்குள் போகிறவன் இரண்டாமவன். கணக்கிலும் அறிவியலிலும் அவனை முந்தியவளை வரலாற்றுப் பாட ஆண்டுகளும் ஆங்கிலக் கட்டுரையும் சேர்ந்து காமர்ஸுக்கு அனுப்பிவிடுகின்றன. காமர்ஸ் மட்டம் என்று சொல்லவில்லை. அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை என்கிறேன்.

மீஞ்சூரில் இது வெறும் கற்பனைக் கணக்காக நின்றுவிடுவதில்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று ஆந்திர எல்லைவரை தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. அனல் மின் நிலையம், துறைமுகம், சிப்காட் என்று வேலை தேடி வந்து தங்கிவிட்ட ஒடியா, இந்திக் குடும்பங்களும் உண்டு. இவர்களுடைய பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசாத ஒரு பையன் செய்யுள் பகுதியில் விட்ட பத்து மார்க், அவனை முக்கோணவியலிலிருந்து வெளியே நிறுத்துகிறது என்றால் அதற்குப் பெயர் தகுதியா?

சரி, கணக்கு மார்க்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா? அங்கேயும் சிக்கல் இருக்கிறது. வினாத்தாளைப் பாருங்கள். ஒரு மார்க் கேள்விகள் 14. வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 8, 8 என 16. இந்த முப்பதோடு இன்னும் ஐந்து சேர்ந்தால் 35, பாஸ். மெல்லக் கற்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் இந்த வழியில்தான் கரைசேர்க்கிறார்கள். அது புண்ணியமான வேலை. இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் 14 கேள்வி கொடுத்துப் பத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். தட்டிக்கழிக்க முடியாதவை 28-ஆம், 42-ஆம் கட்டாயக் கேள்விகள்; இரண்டும் சேர்த்து 7 மார்க். யாரும் தோற்காமல் பார்த்துக்கொள்ளத் தயாரித்த தாள் இது. எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் யார் யோசித்தார், யார் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகினார் என்று அது சொல்லாது. அப்படியிருக்க அதையும் நான்கு பாடங்களோடு கலந்து ஒரே எண்ணாக்கினால், கொஞ்சநஞ்சம் தெரிந்ததும் மறைந்துபோகிறது.

இந்த இடத்தில் யாராவது ராமானுஜனை இழுப்பார்கள். கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தவர்தானே என்பார்கள். அவர் மேதை, மேதைக்கென்று சேர்க்கை விதி எழுத முடியாது. நான் பேசுவது நன்றாகக் கணக்குப் போடும் சாதாரணப் பிள்ளைகளைப் பற்றி.

அவர்கள் இழப்பது சின்ன விஷயமா? பொறியியல் கலந்தாய்வில் 200-க்குப் போடும் கட்-ஆஃபில் பாதி, அதாவது 100, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. 2007-இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டபின் அதுதான் வாசல். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கொடுத்திருக்கிறோம். ஆனால் பதினைந்து வயதில் கணக்கை விட்டவருக்குப் பொறியியலில் அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? பாலிடெக்னிக் போய் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம், சுற்றுவழி. எண்ணூர் துறைமுகமும் வல்லூர் மின் நிலையமும் கண்ணுக்கெதிரே நிற்கிற ஊரில், உள்ளூர்ப் பிள்ளைக்குக் கேட்டிலும் லோடிங்கிலும்தான் வேலை என்று நாமே புலம்புகிறோம்.

"355 எடுத்தவள் பன்னிரண்டில் ஃபெயிலானால் யார் பொறுப்பு?" என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். உண்மையான பயம் இதுதான். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்படியானால் நியாயம், வெளிப்படைத்தன்மை என்ற பேச்செல்லாம் எதற்கு? பட்டியல் காப்பது பள்ளியின் நூறு விழுக்காட்டை.

அமெரிக்காவின் வட கரோலினா 2018-இல் ஒரு சட்டம் போட்டது. மாநிலத் தேர்வில் கணக்கில் உச்ச நிலை எடுத்த பிள்ளைக்கு, உயர்கணக்கு வகுப்பு நடக்கும் பள்ளியில் அடுத்த ஆண்டு அதில் இடம் தர வேண்டும். மொழிப்பாட மார்க்கைப் பார்க்க வேண்டியதில்லை. நமக்கு இதைவிட எளிய வழியே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை வேண்டாம் என்றது. அந்த ஆண்டில் பொதுத்தேர்வின் கத்தி தலைக்குமேல் இல்லையென்றால், கணக்கும் அறிவியலும் சேர்த்து 200-க்கு வரிசைப்படுத்தி, விருப்பப்பட்டுக் கேட்கும் பிள்ளையைக் காலாண்டுவரை கணக்கு வகுப்பில் உட்காரவைத்துப் பார்ப்பதில் என்ன கெட்டுப்போகும்?

மீஞ்சூர் வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சேர்க்கையின்போது பட்டியலைக் கையில் வாங்குங்கள். மொத்தத்தை விட்டுவிட்டு, கணக்கில் 80-க்குமேல் எடுத்தும் கணக்கில்லாத குரூப்பில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேர் அதை விரும்பிக் கேட்டார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.