வாழையா, கொட்டுக்காளியா?

2024 ஆகஸ்ட் 23 அன்று வாழை, கொட்டுக்காளி இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. அந்த ஆண்டின் தமிழ்ப் படங்களில் எனக்குப் பிடித்தவை நான்கு. இவ்விரண்டைத் தவிர மெய்யழகன், லப்பர் பந்து. முதலிடம் எதற்கு என்று தாசேக் கெலுகோரில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் வாழை என்றுதான் சொல்வார்கள். ரப்பர் மரமும் செம்பனையும் சோறு போட்ட குடும்பங்கள் இங்கே அதிகம். குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதனாலேயே அந்த விடையை நான் உடனே ஏற்கவில்லை. நம் கதை என்பதால் ஒரு படம் பிடித்துப்போவது வேறு, படம் தன் காலில் நிற்பது வேறு.

மகாராஜாவை ஏன் விட்டாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நித்திலன் சாமிநாதன் கதையை முன்பின்னாகக் கலைத்துப் போட்டு அடுக்கும் கெட்டிக்காரத்தனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசிவரை மூடிவைத்து, திறக்கும்போது அரங்கைத் திடுக்கிட வைக்கும் புதிராக்கிவிட்டார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மெய்யழகனை நான் மனமாரக் காதலிக்கிறேன், ஆனாலும் நான்காம் இடம்தான். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996-இல் ஊரைவிட்டுப் போன அருள்மொழி, 22 ஆண்டுகள் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அவன் கொண்டுவந்த பரிசுகளை மணப்பெண் மேடையிலேயே பிரித்து அணிந்துகொள்ளும் இடத்தில் அரவிந்த்சாமி வசனமே இல்லாமல் நம்மைக் கரைத்துவிடுகிறார். பெயர் ஞாபகம் வராத சொந்தக்காரனோடு ஓர் இரவு முழுக்கக் கழிக்கும் அவனுடைய கூச்சம், ஊர்ச் சொந்தங்களின் பெயரைத் தொலைத்துவிட்ட மலேசியத் தமிழனுக்கு நன்றாகவே தெரிந்த கூச்சம். படம் வெளிவந்த பிறகு ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள், அது சரியான முடிவு. ஆனால் கத்தரிக்கு எட்டாத குறை ஒன்று உண்டு. அந்தச் சொந்தக்காரனாக வரும் கார்த்தியின் பாத்திரத்தில் மருந்துக்குக்கூட ஒரு குற்றம் இல்லை. எதிரே நிற்பவன் முழுக்க நல்லவனாக இருந்துவிட்டால் அருள்மொழியின் மனப் போராட்டத்துக்கு எதிர்விசை ஏது? இயக்குநர் பிரேம்குமார் மனிதனைப் படைக்க வந்து, வழிபடத் தொடங்கிவிட்டார்.

தமிழரசன் பச்சமுத்துவின் லப்பர் பந்து அந்தத் தவறைச் செய்யவில்லை. கிரிக்கெட் ஆடும் கெத்துவும் அன்பும் நல்லவர்கள்தான், ஆனால் வீம்பு பிடித்தவர்கள். சாதி பார்த்து அன்பை அணியில் சேர்க்காமல் விடுவதை இயக்குநர் மேடைப்பேச்சாக்கவில்லை, மைதானத்தில் நடக்கும் அன்றாட விவகாரமாகவே காட்டுகிறார். சுவாசிகா நடித்த யசோதைக்குக் கணவன்மேல் உள்ள ஆசையும் ஆத்திரமும் ஒரே பார்வையில் வந்துபோகின்றன. முடிச்சுகள் எல்லாம் கடைசி ஆட்டத்தில் ஒன்றாக அவிழ்வது மட்டும்தான் சற்றுச் சுலபமான வழி. மூன்றாம் இடம்.

இனி வாழை. மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த கதை. பள்ளி விடுமுறையிலும் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய சிறுவன் சிவனைந்தான். தாருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டு உடன் சுமக்கும் கனி நிற்கிறான், வியாபாரியும் இறங்கிவருகிறான். பிறகு அந்த ஒரு ரூபாயை மீட்க, ஆட்களுக்குத் தனி வண்டி கொடுக்காமல், காய் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார வைக்கிறான். லாரி கவிழ்கிறது. வாங்கிய கூலி உயர்வு அப்படியே சாவாகத் திரும்பும் இந்தக் கணக்கு, நான் பார்த்த தமிழ்ப் படங்களில் இவ்வளவு துல்லியமாக விழுந்ததில்லை. எழவு வீட்டுக்குள் பசியோடு நுழையும் பையன் சோற்றுப் பானையைத் தேடுகிறான். அங்கே படம் நின்றிருக்க வேண்டும். மாரியோ ஒப்பாரிப் பாட்டைக் கொண்டுவந்து அழுகையை நீட்டுகிறார். முற்பாதியில் பூங்கொடி டீச்சர் பகுதியும் அழகாகத் தொடங்கி, தேவைக்கு மேல் நீள்கிறது.

இப்படிச் சொல்லும் உரிமையை நமக்குத் தருவது நம் நாட்டுப் படம் ஒன்றுதான். சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட் 2015-இல் வந்தது, மறு ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டம் கலைந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அப்போய். அடிக்கிற அப்பாமேல் நம்மால் முழுதாகக் கோபப்பட முடிவதில்லை. பையன் தடம் மாறியதற்கு இதுதான் காரணம் என்று படம் எதையும் கைகாட்டுவதும் இல்லை. முடிவை நம்மிடமே விடுகிறது. அந்த அளவுகோலை வாழைக்கு மட்டும் தளர்த்த எனக்கு மனமில்லை.

அதே அளவுகோலில் கொட்டுக்காளி நிமிர்ந்து நிற்கிறது. வேறு சாதிப் பையனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் சாமியாரிடம் கூட்டிப்போகிறது. கதை அவ்வளவுதான். கூழாங்கல் எடுத்த பி. எஸ். வினோத்ராஜ் இதில் பின்னணி இசையே வைக்கவில்லை. எஞ்சின் இரைச்சலும் காற்றும், மீனாவை மணக்கவிருக்கும் பாண்டியாக, தொண்டை கட்டிச் சுண்ணாம்பு தடவியிருக்கும் சூரியின் கரகரத்த குரலும்தான் கேட்கின்றன. வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. வீராப்பு பேசிவந்த ஆண்கள் பதுங்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். இதற்கு எவரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை.

மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை, அதனால் அவள் ஆளாக இல்லாமல் அடையாளமாகிவிட்டாள் என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. நான் ஒப்பவில்லை. எல்லாரும் அவளிடமிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடுங்கத்தான் பாடுபடுகிறார்கள், அதைத் தராமல் இருப்பதுதான் அவளிடம் மிஞ்சிய ஒரே பலம். அன்னா பென் அந்தப் பிடிவாதத்தைக் கண்ணிலேயே வைத்திருக்கிறார். பலி கொடுக்கக் கட்டிவைத்த சேவலைத் திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் எனக்கு மிகையாகப் பட்டது. ஆனால் முடிவு அதை ஈடுகட்டிவிடுகிறது. சாமியார் இன்னொரு பெண்ணைத் தொட்டு நடத்தும் சடங்கை நேரில் பார்க்கிறான் பாண்டி. அடுத்து அவன் என்ன செய்யப்போகிறான் என்பதைச் சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது.

வாழை நம்மை அழ வைத்து, அழுத நிம்மதியோடு வீட்டுக்கு அனுப்புகிறது. கொட்டுக்காளி அந்த நிம்மதியைத் தருவதில்லை. பாண்டியின் இடத்தில் நின்று, நம் வீட்டுப் பெண் விஷயத்தில் நாம் என்ன செய்திருப்போம் என்று யோசிக்க வைக்கிறது. ஆகவே என் தீர்ப்பில் கொட்டுக்காளிக்கு முதலிடம், வாழைக்கு இரண்டாம் இடம். தோட்டத்து ரத்தம் மறுத்தாலும் வரிசை மாறாது.

இந்த மாதிரிப் படங்கள் நம் பக்கத்துத் திரையரங்குகளில் நாள் கணக்கில்தான் தங்கும். அடுத்த முறை ஒன்று வந்தால் முதல் வாரமே பட்டர்வொர்த்துக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ கிளம்பிவிடுங்கள், வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.