கையெழுத்தும் கையெழுத்துப் பிரதியும்: புச்சி எமச்செட்டாவின் நாவலை முன்வைத்து

குடும்பத்தின் பிடி, கப்பல், லண்டன், விடுதலை. குடியேறிய பெண்ணின் கதையை இந்த நாலு சொற்களில் முடித்துவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. புறப்பட்ட ஊர் இருட்டு. போய்ச் சேர்ந்த ஊர் வெளிச்சம். வெள்ளையர்களுக்கு இந்தக் கதை பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. நம்மில் பலருக்கும் பிடித்திருக்கிறதே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். இந்த வாசிப்பைக் கலைத்துப்போடுகிற பிரதி என்று, நைஜீரியாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த புச்சி எமச்செட்டா (1944–2017) எழுதிய 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' (1974) நாவலைச் சொல்ல வேண்டும். அவருடைய சொந்த வாழ்க்கையை ஒட்டி எழுதப்பட்டது அது.

ஆடா லாகோஸில் வளரும் இக்போ பெண். சின்ன வயதில் வீட்டுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்தவள். அப்பா செத்ததும் தாய்மாமன் வீட்டில் வேலைக்காரி மாதிரி இருந்து படிக்கிறாள். தனியாக ஒரு பெண் வீடெடுத்துப் படிக்க முடியாது என்பதால் கல்யாணம் செய்துகொள்கிறாள். அமெரிக்கத் தூதரக நூலகத்தில் நல்ல சம்பளத்தில் வேலை. அந்தச் சம்பளத்தில் கணவன் பிரான்சிஸ் லண்டனுக்குப் படிக்கப் போகிறான். நாத்தனார்களுக்குப் படிப்புச் செலவும் அதிலிருந்தேதான். அவள் மட்டும் போகக்கூடாதாம். பெண்கள் இங்கிலாந்து போவது சரியில்லை என்கிறார் மாமனார். மாமியாரைச் சாமர்த்தியமாகப் பேசி வழிக்குக் கொண்டுவந்துதான் அவள் கப்பல் ஏறுகிறாள்.

இங்கே நிதானிக்க வேண்டும். குடும்பம் அவளிடம் எதிர்பார்த்தது என்ன? 'வீட்டுக்குள்ளேயே கிட' என்றா சொன்னார்கள்? இல்லையே. வேலைக்குப் போ, சம்பாதி, கொண்டுவந்து கொடு, வாயைத் திறக்காதே. வேலைக்குப் போய்விட்டால் பெண்ணுக்குப் பாதி விடுதலை வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசுகிற தோழர்கள் இந்த இடத்தைத் திரும்பப் படிக்கலாம். சம்பளம் அவளுடையதுதான், அதன்மீதான அதிகாரம் இன்னொருவருடையது. பெண்ணின் உழைப்பை வெளியே அனுப்பிவிட்டு முடிவுகளை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ள ஆணாதிக்கக் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும்.

சரி, லண்டன் வந்தாயிற்று. முதல் வகுப்பில் கப்பலேறி வந்தவளிடம், இந்த மண்ணில் கால் வைத்ததுமே நீ இரண்டாந்தரம் என்கிறான் கணவன். வீடு தேடிப் போனால் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது 60களின் தொடக்கம். 1965இல் வந்த இன உறவுகள் சட்டம்கூட வாடகை வீட்டைத் தொடவில்லை. 1968 சட்டம்தான் தொட்டது. நூலகத்தில் வேலை எதற்கு, மற்றப் பெண்களைப் போலத் தொழிற்சாலைக்குப் போ என்கிறான் பிரான்சிஸ். பிள்ளைகளை வெள்ளைக்காரக் குடும்பங்களில் காசு கொடுத்து வளர்க்க விடுவதுதான் இங்கே வழக்கம் என்கிறார்கள் அண்டை வீட்டு நைஜீரியர்கள். இரண்டுக்கும் ஆடா மறுக்கிறாள். வெள்ளை இனவாதம் அவளுக்கு ஒதுக்கிய இடமும் கணவன் அவளுக்கு ஒதுக்கும் இடமும் ஒன்றாகவே இருப்பதைப் பாருங்கள். 'எங்கள் பண்பாடு' என்று அவன் பேசுவதெல்லாம் வெளியே தான் படும் அவமானத்தை வீட்டுக்குள் இறக்கிவைக்கும் சொல்லாடல்தான்.

நாவலின் மையம் என்று நான் கருதுவது கருத்தடை மருத்துவமனைக் காட்சி. பிள்ளைப்பேறுகளால் ஓய்ந்துபோன உடம்பு. கருத்தடைச் சாதனம் கேட்டுப் போகிறாள். படிவம் கொடுக்கிறார்கள். கணவன் கையெழுத்து வேண்டுமாம்! கேட்டவன் லாகோஸ் மாமனார் அல்ல. நாகரிக லண்டனின் மருத்துவமனை. ஆடா அந்தக் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்கிறாள். விஷயம் தெரிந்ததும் பிரான்சிஸ் அடிக்கிறான். வீட்டுக்காரரையும் குடியிருப்பவர்களையும் கூப்பிட்டு வைத்து மானத்தை வாங்குகிறான். அவளைப் பொறுத்தவரை கல்யாணம் அன்றைக்கே முடிந்துபோகிறது. திருமணத் தகுதி பாராமல் எல்லோருக்கும் கருத்தடை இலவசம் என்று பிரிட்டனின் பொது மருத்துவத் துறை ஆக்கியது 1974இல், அதாவது இந்த நாவல் வெளியான அதே ஆண்டில். வெளிச்சம் அங்கே ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது என்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது இன்னொரு கையெழுத்து. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பள்ளி நோட்டுகளில் ஆடா ஒரு நாவல் எழுதுகிறாள். பெயர் 'மணமகள் விலை'. நூலகத்து நண்பர் படித்துவிட்டு, இது உன் மூளை பெற்ற பிள்ளை என்கிறார். பிரான்சிஸ் அதை அடுப்பில் போட்டு எரிக்கிறான். அவள் சம்பாதிப்பதை அனுமதித்தவனுக்கு எழுதுவதைப் பொறுக்க முடியவில்லை. சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம், வாக்கியத்தை என்ன செய்வது? எமச்செட்டாவின் கணவரும் அப்படி எரித்தவர்தான். ஐந்து பிள்ளைகளோடு வெளியேறிய அவர் அதைத் திரும்ப எழுதி 1976இல் வெளியிட்டார்.

பாராட்டோடு நிறுத்திவிட முடியாது. ஆடாவின் பார்வையில் மேட்டிமை இருக்கிறது. படிக்காத அண்டை வீட்டாரை அவள் மனிதர்களாகப் பார்ப்பது அபூர்வம். அந்த வீட்டுப் பெண்களுக்கும் அடி உண்டு, படிவம் உண்டு. அவர்களோடு ஒரு 'நாம்' உருவாகவில்லை. நூலகத்தில் கிடைத்த நட்பு மாடிப்படியில் கிடைக்காமல் போனதேன்? பிரதி இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பெண்ணியம் என்ற சொல்லைச் சின்ன எழுத்தில்தான் போடுவேன் என்று எமச்செட்டா பின்னாளில் சொன்னதில், வெள்ளைப் பெண்ணியத்தின் மீதான நியாயமான சந்தேகத்தோடு இந்தத் தனிமையும் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

கடைசியில் நீதிமன்றம். கல்யாணமே ஆகவில்லை என்கிறான் பிரான்சிஸ். சான்றிதழை ஏற்கெனவே எரித்தாயிற்று. பிள்ளைகளைத் தத்துக் கொடுத்துவிடலாம் என்கிறான். பிள்ளைகள் என்னுடையவர்கள், அது போதும் என்று வெளியே வருகிறாள். தெருவில் லாகோஸ் கால நண்பர் ஒருவர் எதிர்ப்படுகிறார். வீட்டுக்குப் போக டாக்ஸிக்குப் பணம் கொடுக்கிறார். ஏன் கொடுத்தார்? அவள் இன்னும் கணவனோடுதான் இருக்கிறாள் என்று நினைத்து!

விடுதலை பெற்றவளின் முதல் பயணத்துக்கான கட்டணம் ஒரு மனைவிக்குக் கொடுக்கப்பட்டது. நாவல் அங்கே முடிகிறது.