பங்கேற்பும் பங்கும்

போரைப் பற்றிய படங்களில் பெண்களுக்கு வழக்கமாக இரண்டே வேலைதான். பிணத்தின் மேல் விழுந்து அழுவது. இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பது. ஜினி ரெட்டிக்கர் இயக்கி, அபிகெய்ல் டிஸ்னி தயாரித்து 2008-ல் வெளிவந்த 'ப்ரே த டெவில் பேக் டு ஹெல்' ஆவணப்படம் இந்த வழக்கத்தை உடைக்கிறது. லைபீரியப் பெண்கள் 2003-ல் ஒரு போரை நிறுத்தக் கிளம்பிய கதை இது. நல்ல படம் என்பதாலேயே, கை தட்டிவிட்டு எழுந்து போய்விட முடியவில்லை. எதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

படத்தின் பலம், போராட்டம் கட்டப்பட்ட விதத்தைக் காட்டுவதில் இருக்கிறது. லேமா போவீ தேவாலயப் பெண்களைத் திரட்டுகிறார். போலீஸ் அதிகாரியான அசாட்டு பா கென்னத் முஸ்லிம் பெண்களைக் கூட்டிவருகிறார். சந்தையில் விற்கிறவர்கள், அகதி முகாமில் கிடப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு. நகை கிடையாது. மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே, அதிபர் சார்லஸ் டெய்லரின் கார் போகிற சாலையோரம், வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தே கிடக்கிறார்கள். ஏப்ரலில் டெய்லரே கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. பத்திரிகைகளோ, புருஷன்மாரோடு படுக்க மறுத்தார்கள் என்ற ஒரே சேதியைப் பிடித்துக்கொண்டன. அதனால் நடைமுறையில் பெரிய பலன் இல்லை, பத்திரிகைக்காரர்களை இழுத்ததுதான் மிச்சம் என்று போவீயே 2011-ல் எழுதிவிட்டார். உலகத்துக்கு அந்த ஒன்றுதான் ருசித்தது. வெயிலில் உட்கார்ந்தது யாருக்கு வேண்டும்?

கானாவில் பேச்சுவார்த்தை. டெய்லர் அரசு, லர்ட், மாடல் என்ற இரண்டு கிளர்ச்சிப் படைகள், கட்சிகள். உள்ளே வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். மன்ரோவியாவில் குண்டு விழுகிறது. ஜூலையில் பெண்கள் கை கோத்துக் கதவை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் போடாமல் எவனும் வெளியே வரக்கூடாது. காவலர்கள் கைது செய்ய வந்தபோது போவீ தன் துணியை அவிழ்க்கத் தொடங்குகிறார். தாயின் நிர்வாணத்தைப் பார்ப்பது சாபம் என்று நம்புகிற சமூகம் அது. காவலர்கள் பின்வாங்குகிறார்கள்.

இந்த இடத்தைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. இங்கே தலித் பெண்ணின் துணியை உருவுவது சாதி கொடுக்கிற தண்டனை. அவள் உடம்பைப் பார்த்தால் சாபம் வரும் என்று எந்த ஆண்டையும் பயந்ததில்லை. 2004-ல் மணிப்பூரில் காங்லா கோட்டை முன்னால் பன்னிரண்டு பெண்கள் நிர்வாணமாக நின்றது இந்திய ராணுவத்தை நோக்கித்தான். உடம்பை ஆயுதமாக்குவது பெரிய துணிச்சல். ஆனால் எதிரில் நிற்பவன் அந்த உடம்பைத் 'தாய்' என்று மதித்தால்தான் அந்த ஆயுதம் வேலை செய்யும். படம் இந்தத் தாய்மையை அளவுக்கு மீறி நம்புகிறது. அதனால்தான் துப்பாக்கி தூக்கிய பெண்களிடம் அது போகவில்லை. பின்னால் ஆயுதத்தை ஒப்படைக்கும் திட்டத்தில் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் இருபதாயிரத்துக்கு மேல் பெண்கள். அவங்க எந்தத் தாய்க் கதையில் அடங்குவாங்க?

அடுத்தது தலைப்பு. சாத்தானை நரகத்துக்குத் திருப்பி அனுப்பப் பிரார்த்தனை செய் என்கிறது. சாத்தானுக்கு வரலாறு கிடையாது, லைபீரியாவுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் கப்பலேறி வந்து 1847-ல் அமைத்த குடியரசு அது. அந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுகள் மண்ணின் மக்களை 1980 வரை ஆண்டார்கள். அடிமையாக இருந்தவன் வாரிசும் ஆண்டையாக முடியும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய நாடு. 1980-ல் ராணுவக் கவிழ்ப்பு, 1989-ல் உள்நாட்டுப் போர் என்று போனதற்கு இந்த ஏற்றத்தாழ்வு அடிப்படை. படம் இதில் நிற்பதில்லை. கெட்ட ஆம்பளைகளின் வெறி என்பதாகப் போர் சுருங்கிவிடுகிறது.

ஆகஸ்ட் 11-ல் டெய்லர் நாட்டை விட்டுப் போனார். 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. என்னுடைய முக்கியமான கேள்வி இங்கேதான். அந்த ஒப்பந்தப்படி டெய்லர் தரப்புக்கு ஐந்து அமைச்சகம், லர்டுக்கு ஐந்து, மாடலுக்கு ஐந்து. நிதியும் நீதியும் லர்டுக்குப் போயின. இடைக்காலச் சட்டமன்றத்தின் 76 இடங்களில் மூன்று ஆயுதத் தரப்புக்கும் தலைக்குப் பன்னிரண்டு. கட்சிகளுக்குப் பதினெட்டு, மாவட்டங்களுக்குப் பதினைந்து. பெண்கள் அமைப்புகளையும் சேர்த்து ஒட்டுமொத்தக் குடிமக்கள் அமைப்புகளுக்கும் ஏழே இடம். சுட்டவனுக்கு அமைச்சகம், சுடாதே என்று வெயிலில் கிடந்தவளுக்கு 'நன்றி, வீட்டுக்குப் போகலாம்'.

போர் முடிப்பதில் பெண்களின் பங்கேற்பு வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000-லேயே 1325-ஆம் தீர்மானம் போட்டது. பங்கேற்பு என்பது நல்ல வார்த்தைதான். பங்கு கேட்டால்தான் முகம் மாறுகிறது.

2005 தேர்தலில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்றதைப் பெண்களின் வெற்றியாக வைத்துப் படம் முடிகிறது. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பத்தில் டெய்லருக்கு ஆதரவு தந்தவர்களில் அவரும் ஒருவர். 2009-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அவர் 30 ஆண்டுகள் பதவி வகிக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2011-ல் அவரும் போவீயும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே, சர்லீஃப் சொந்தப் பிள்ளைகளுக்குப் பதவி கொடுத்ததையும் ஏழ்மை தீராததையும் கண்டித்து, தேசிய நல்லிணக்க முயற்சியின் தலைமையிலிருந்து போவீ விலகினார். டெய்லருக்கு 2012-ல் கிடைத்த 50 ஆண்டுச் சிறைகூட சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்குத்தான். லைபீரியப் பெண்களுக்கு நடந்ததற்கு அல்ல.

இதையெல்லாம் 2008-ல் வந்த படம் சொல்லியிருக்க முடியாது. அமைச்சகப் பங்கீட்டைச் சொல்லியிருக்கலாம். போருக்குப் பிறகு ஊர்களில் பெண்கள் அமைத்த 'சமாதானக் குடிசை'கள் வரைக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அடிதடி, நிலத்தகராறு, வீட்டு வன்முறை எல்லாம் அங்கே பெண்கள் முன்னால் விசாரணைக்கு வருகின்றன. ஒப்பந்தம் தராத இடத்தை அவர்கள் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

தோழர்கள் இந்தப் படத்தை ஊர் ஊராகத் திரையிட வேண்டும் என்றே சொல்வேன். முடிந்ததும் விளக்கைப் போட்டு, யாருக்கு எத்தனை அமைச்சகம் என்ற அந்தப் பட்டியலை உரக்கப் படியுங்கள். விவாதம் அங்கிருந்து தொடங்கட்டும்.